எங்கே தடுக்குகிறது

அரசுத் தொடக்கப்பள்ளியில் பெற்றோர் கூட்டம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தாயிடம் ஆசிரியை சொல்கிறார்: “தமிழ்ல உங்க பொண்ணு இப்ப மொட்டுல இருக்காம்மா. மலருக்கு இன்னும் வரல.” அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். “அப்ப நல்லாப் படிக்குதா, படிக்கலையா டீச்சர்?” ஆசிரியை கொஞ்சம் யோசித்துவிட்டு, “படிக்கும்மா, இன்னும் பழக்கணும்” என்கிறார். தாய் தலையாட்டிவிட்டுப் போகிறார். இருவருமே அந்தப் பிள்ளையின் மேல் அக்கறை உள்ளவர்கள். ஆனாலும் அந்தப் பெண் எப்படி வாசிக்கிறாள் என்பது அந்தப் பேச்சில் வரவேயில்லை.

வாசிப்பு மதிப்பீடு பெரும்பாலான வீடுகளுக்கு இப்படித்தான் வந்து சேருகிறது. அரசுப் பள்ளியில் ஒரு நிலையின் பெயராக, தனியார் பள்ளியில் ஒரு கிரேடாக. கேட்டதும் நம் மனம் ஓடுவது பக்கத்து வீட்டுப் பிள்ளை எதில் இருக்கிறது என்ற ஒப்பீட்டுக்கு. பிள்ளைகளுக்கும் இந்த வரிசை நன்றாகத் தெரியும். என்ன அழகான பெயர் வைத்தாலும் எது மேலே, எது கீழே என்பதை அவர்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளைகள், இரண்டாம் வகுப்பின் பாதியில்தான் வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்தார்கள். பென்சில் பிடிக்காத கையும் எழுத்து பார்க்காத கண்ணுமாக ஒரு தலைமுறையே வந்து உட்கார்ந்தது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் எண்ணும் எழுத்தும் திட்டம். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்துப் பள்ளியில் அதைத் தொடங்கினார்கள். முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உண்மையில் ஒரே இடத்தில் இல்லை என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ முதல் வகுப்புக்கு உரிய திறனில் நிற்பவர்கள் அரும்பு, இரண்டாம் வகுப்புக்கு உரியதில் நிற்பவர்கள் மொட்டு, மூன்றாம் வகுப்புக்கு உரியதை எட்டியவர்கள் மலர். அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சி நூல். இது முற்றிலும் புதிய சிந்தனையும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு ஏணிப்படியில் அவரவர் வேகத்தில் ஏறினார்கள்.

நான் இதை வரவேற்கிறேன். வகுப்பு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு, எழுத்தே தெரியாத பிள்ளையின் முன்னால் மூன்றாம் வகுப்புப் பாடநூலை விரித்துவைத்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நிலை என்பது, நாளைக் காலையில் ஆசிரியர் எதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்கான குறிப்பு. அந்த வேலைக்குப் பயன்படும்வரை அது நல்ல கருவி. அதுவே பிள்ளையின் அடையாளமாக மாறும்போது கெடுதல் தொடங்குகிறது.

ஒரு மதிப்பீடு உண்மையில் எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் இது விளங்கும். பிரதம் அமைப்பு 2005 முதல் நாடு முழுக்கக் கிராமங்களில் நடத்திவரும் ‘அசர்’ ஆய்வின் வாசிப்புத் தாள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வளவு எளிய தாள் அது. ஒரு கட்டத்தில் சில எழுத்துகள், இன்னொன்றில் அன்றாடச் சொற்கள், சின்னஞ்சிறு வாக்கியங்கள் கொண்ட ஒரு பத்தி, அதைவிடச் சற்று நீண்ட ஒரு கதை. பத்தி முதல் வகுப்பு அளவு, கதை இரண்டாம் வகுப்பு அளவு. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அதே தாள்தான். சோதிப்பவர் எழுத்திலிருந்து தொடங்குவதில்லை. நடுவிலிருந்து, பத்தியிலிருந்து தொடங்குகிறார். பிள்ளை சரளமாக வாசித்தால் கதைக்கு ஏறுகிறார். திணறினால் சொற்களுக்கு இறங்குகிறார். எந்த ஐந்து சொற்களை வாசிப்பது என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ளலாம். நான்கு சரியாக இருந்தால் போதும். அதுவும் இயலாவிட்டால் எழுத்துகள், அங்கும் ஐந்தில் நான்கு. பத்தியில் மூன்று பிழைவரை பொறுத்துக்கொள்வார்கள். மெதுவாக வாசித்தாலும் குறையில்லை. சொல் சொல்லாக அறுத்து எடுக்காமல் வாக்கியமாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை வகுத்தவர்களுக்குப் பிள்ளைகளைத் தெரிந்திருக்கிறது. மெதுவாக வாசிப்பது வேறு, துண்டு துண்டாக வாசிப்பது வேறு என்ற பிரிவை அவர்கள் வைத்திருக்கிறார்கள். பிழைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை தனக்குத் தெரிந்த சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கும் அந்தச் சில நொடிகளை அனுமதித்திருக்கிறார்கள்.

ஆனால் தாளிலிருந்து செய்தித்தாளுக்குப் போகும்போது இதெல்லாம் உதிர்ந்துவிடுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசித்தவர்கள் நாடளவில் 2018-இல் 27.3 விழுக்காடு, 2022-இல் 20.5 விழுக்காடு. உடனே ‘மூன்றாம் வகுப்பில் ஐந்தில் நான்கு பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை’ என்று பேசப்படுகிறது. அந்த நான்கு பேருக்குள் பத்தியைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்தவரும் இருக்கிறார், சொற்களை வாசித்துவிட்டுப் பத்தியில் நின்றவரும் இருக்கிறார், எழுத்தில் நிற்பவரும் இருக்கிறார். இவர்களுக்கு வேண்டியது ஒரே உதவி இல்லை. எண்ணைக் கண்டு பதற வேண்டியது நியாயம்தான், அது பெரிய இழப்பைச் சொல்கிறது. என்றாலும் ஒரு மாவட்டத்துக்கு 30 ஊர், ஊருக்கு 20 வீடு என்று எடுத்து நடத்தும் அந்த ஆய்வு மாவட்டத்தையும் மாநிலத்தையும் அளப்பதற்காக ஏற்பட்டது. ஒரு தனிப் பிள்ளைக்கு முத்திரை குத்த அது உருவாகவில்லை. வீட்டு வாசலில், வேடிக்கை பார்க்கக் கூடிய அக்கம்பக்கத்தார் நடுவில், முன்பின் தெரியாத ஒருவர் நீட்டிய தாளை ஒரு பிள்ளை வாசித்த விதம், அந்தப் பிள்ளையைப் பற்றிய முழுத் தீர்ப்பாக முடியாது.

எங்கள் தெருவில் மாலை வேளைகளில் சில பிள்ளைகள் என்னோடு வாசிக்க உட்காருவார்கள். அதில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். ‘பம்பரம்’ என்ற சொல்லில் கைவைத்து எழுத்தெழுத்தாகப் போனான். ப, ம், ப, ர, ம். இரண்டாவது ‘ப’வையும் முதல் ‘ப’வைப் போலவே அழுத்திச் சொன்னான். கூட்டிப் பார்த்தான், அவன் காதுக்கு அது ஒரு சொல்லாகவே கேட்கவில்லை. மறுபடி சொன்னான், இன்னும் வேகமாக. முகம் சுருங்கியது. மூன்றாம் முறை அந்த அழுத்தம் தானாகத் தளர்ந்தது. “பம்பரம்! அத்தை, இது பம்பரம்!” என்று கத்தினான். அன்று மாலை முழுக்கக் கண்ணில் படும் இடத்தில் எல்லாம் பம்பரத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

அவன் செய்தது சின்ன வேலை இல்லை. தமிழில் ‘ப’ என்ற ஒரே எழுத்து ‘பந்து’வில் ஒரு விதமாகவும் ‘பம்பரத்’தின் நடுவில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. ‘க’ அப்படியே: பக்கத்தில் ஒன்று, தங்கத்தில் ஒன்று, பகலில் ஒன்று. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை யாரும் அவனுக்கு விதியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் கேட்டுப் பழகிய சொல்லின் ஒலியை எழுத்திலிருந்து கிளம்பிய ஒலியோடு உரசிப் பார்த்து அவனே கண்டுபிடித்தான். நிமிடக் கணக்கு வைத்துச் சோதித்தால் அவன் அங்கே பின்தங்கியவன். வாசிப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கிறவருக்கு அந்த மூன்று முயற்சிகள்தான் மதிப்பீடு முழுவதும்.

தமிழ் எழுத்து பிள்ளையிடம் கேட்கும் உழைப்பை நாம் மறந்துவிட்டோம். 247 எழுத்து என்று பெருமையாகச் சொல்கிறோம்; அதில் 216 உயிர்மெய். ‘தொப்பி’யை எடுத்துக்கொள்ளுங்கள். கண் முதலில் பார்ப்பது ஒற்றைக் கொம்பை, பிறகு ‘த’வை, பிறகு துணைக்காலை. நாக்கு சொல்ல வேண்டியதோ முதலில் மெய்யை, பின்னர் உயிரை. முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறிகளையும் சேர்த்துப் பிடித்த பிறகுதான் அந்த ஒலி கிடைக்கும். கொம்பை மட்டும் பார்த்து அவசரப்பட்ட பிள்ளை ‘தெப்பி’ என்று தொடங்கிவிட்டு விழிக்கும். துணைக்காலும் ‘ர’வும் அவசரக் கையெழுத்தில் ஒன்றுபோலவே நிற்கும். ‘கு, சு, டு, து, மு’ என்று உகரம் ஏறிய எழுத்துகளைப் பாருங்கள். ஒன்றின் வால் இன்னொன்றுக்கு இல்லை. ஔகாரத்தின் பின்பகுதி ‘ள’வைப் போலவே இருப்பதால் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

கன்னடம் படிக்கும் பிள்ளைகளிடம் சோனாலி நாக் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. உயிர்மெய் எழுத்துமுறை கொண்ட நம் மொழிகளில் எழுத்துகளை அறிந்து முடிக்கவே மூன்றாம், நான்காம் வகுப்பு வரை ஆகிறது. இருபத்தாறு எழுத்துள்ள மொழியின் கால அட்டவணையை இங்கே பொருத்த முடியாது. அதற்காக இரண்டாம் வகுப்பில் எழுத்தே தெரியாமல் இருப்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. ககர வரிசையும் மகர வரிசையும் சரளமாக வந்து, ஙகர ஞகர வரிசைகளிலும் ஒகர ஓகாரங்களிலும் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளை, போக வேண்டிய வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்கிறேன்.

இன்னொன்று நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். ‘குளம் நிரம்பியது. தவளைகள் கத்தின’ என்று எழுதியிருக்கும். ஒரு பெண் வாசிக்கிறாள்: “குளம் நெறஞ்சிருச்சு. தவளை கத்துச்சு.” சொல் கணக்கில் பார்த்தால் நான்கில் மூன்று பிழை. ஆனால் அவள் குளத்தையும் தவளையையும் பார்த்துவிட்டாள். எழுத்தைத் தன் மொழிக்கு மாற்றியே வாசித்திருக்கிறாள். இன்னொரு பிள்ளை “தவளைகள் கத்தின” என்று அப்பழுக்கில்லாமல் வாசிக்கிறான். “யாருப்பா கத்துனது?” என்றால் மறுபடி அந்த வரியின் முதல் சொல்லிலிருந்து ஒப்பிக்கத் தொடங்குகிறான். யாருக்கு எந்த நிலை கொடுப்பது?

பிள்ளை பொருளைப் பிடித்துவிட்டது என்பதற்காக எழுத்தை விட்டுவிடலாம் என்று சொல்லும் ஒரு தரப்பு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தையும் முதல் எழுத்தையும் பார்த்து ஊகித்தே வாசிக்கப் பழகிய பிள்ளை, படமில்லாத பக்கம் வரும்போது மாட்டிக்கொள்ளும். அந்தப் பெண்ணிடமும் ஒருமுறை, “என்ன எழுதியிருக்குன்னு விரலை வச்சுப் படி பார்ப்போம்” என்று கேட்க வேண்டும். ‘நிரம்பியது’ என்று எழுத்தைப் பின்பற்றி அவளால் வாசிக்க முடிந்தால் கவலையில்லை. முடியாவிட்டால் எங்கே உதவ வேண்டும் என்பது தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஒலிப்புச் சோதனையில் 40 சொற்களில் பாதி, பொருளே இல்லாத சொற்கள். மனப்பாடத்துக்கும் ஊகத்துக்கும் அங்கே வேலை இல்லை. எழுத்தை ஒலியாக்கத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். அந்தச் சோதனையைப் பற்றிய சண்டைகள் அங்கே இன்னும் ஓயவில்லை. பாடநூலை முழுக்க ஒப்பிக்கும் நம் பிள்ளைகளை நினைக்கும்போது, அந்த உத்தியின் தேவை எனக்குப் புரிகிறது. நம் ஊரில் அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு “இது என்ன?” என்று கேட்பது. ஒப்பிக்கிற பிள்ளை முதல் சொல்லிலிருந்து தொடங்கி அந்த இடம்வரை ஓடி வந்துதான் பதில் சொல்லும்.

கஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் இதை ஒரு பெருக்கலாக எழுதிக்காட்டினார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று சுழியானால் மொத்தமும் சுழி. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த குடும்பத்தின் பிள்ளை தமிழ் எழுத்துகளை விறுவிறுவென்று கற்றுக்கொண்டு, பத்தியைத் தடையில்லாமல் வாசிக்கலாம். அதில் பாதிச் சொற்களை அது வீட்டில் கேட்டதே இல்லை. பாட்டியிடம் தினமும் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பது வரை தெரியும். ‘ழை’ என்ற எழுத்தைக் கண்டால் நின்றுவிடும். இருவரும் ஒரே நிலையில் எழுதப்படுவார்கள். ஒருவருக்கு வேண்டியது பேச்சு, கதை, சொல்வளம். மற்றவருக்கு வேண்டியது எழுத்துப் பயிற்சி. மாற்றிக் கொடுத்தால் இருவருக்கும் ஓராண்டு வீண்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-இல் வந்த நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குகளில், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்கள் என்று இருக்கிறது. வேகம் பயனற்ற அளவு இல்லை. ஒரு சொல்லை வாசித்து முடிப்பதற்குள் முந்தைய சொல் மறந்துபோகும் பிள்ளைக்குப் பொருள் சேராது. ஆனால் ‘வந்துகொண்டிருந்தார்கள்’ தமிழில் ஒரு சொல். ஆங்கிலம் மூன்றாகப் பிரித்து எழுதுவதை, தமிழ் ஒன்றாகக் கோத்து எட்டு வயதுப் பிள்ளையின் முன்னால் வைக்கிறது. சொல்லை எண்ணும்போது அது மூன்றில் ஒரு பங்குதான் வாசித்ததாக ஆகும். நல்ல வேளையாக, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2022-இல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து 20 மொழிகளில் வாசிக்கக் கேட்ட ஆய்வில், மொழிக்கு மொழி தனி அளவு வைத்தார்கள். அந்தப் பக்குவம் பள்ளிச் சுவரில் ஒட்டும் இலக்கு அட்டவணைக்கும் வர வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும் பெரியவரின் முன்னால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஓடுகிறார்கள். முற்றுப்புள்ளியில் நிற்பதில்லை. கதையில் யார் அழுதார்கள் என்று கேட்டால் தெரியாது.

இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. 1862-இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, பள்ளி ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கவைத்துக் கேட்பார். ஆறு படிநிலைகள் வகுத்திருந்தார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் பிள்ளை ஒன்றில் தவறினால் பள்ளிக்குரிய மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். பிள்ளை தடுக்கிய இடத்தில் ஆசிரியரின் சம்பளம் தடுக்கியது. என்ன நடக்கும்? ஆய்வாளர் வரும் நாளுக்காக வாசிப்புப் புத்தகத்தையே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்துவைத்தார்கள். கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்ட் இந்த முறையைக் கடுமையாக எதிர்த்தார். அது போவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தேர்ச்சி பார்த்து மானியம் தரும் அந்த முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. வாசிப்பு நிலை எப்போது ஆசிரியரின் நிலையாகவும் மாறுகிறதோ, அப்போது பிள்ளை தடுமாறுவதை மறைக்கும் தேவை வந்துவிடுகிறது. இன்று யாரும் சம்பளத்தைக் கழிப்பதில்லை. ஆனால் செயலியில் ஏற்றும் எண்ணை வட்டாரத்தோடு ஒப்பிட்டு ஓர் ஆசிரியரைக் கேள்வி கேட்கும்போது அந்தப் பழைய அச்சம் வேறு உருவில் திரும்புகிறது. பிள்ளையின் பிழையைச் சொன்னால் தனக்கே தண்டனை என்று நினைக்கும் ஆசிரியரிடமிருந்து உண்மையான மதிப்பீடு வராது.

நியூசிலாந்தின் மேரி கிளே கண்ட முறை எனக்கு நெருக்கமானது அதனால்தான். பிள்ளை வாசிக்கும்போது ஆசிரியர் பக்கத்தில் ஒரு தாளோடு உட்காருகிறார். சரியான ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரிக்குறி. தவறினால் என்ன சொன்னதோ அதை அப்படியே மேலே எழுதுகிறார். தானே திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக் குறி. நூறு சொல்லில் ஐந்து பிழைக்குள் இருந்தால் அந்தப் புத்தகம் பிள்ளைக்கு எளிது. பத்தைத் தாண்டினால் கடினம். இடைப்பட்டதுதான் கற்றுக்கொடுக்க ஏற்றது. கணக்கு வருகிறது, ஆனால் கணக்குக்குப் பிறகும் பிழை தாளில் அப்படியே இருக்கிறது. ‘பழம்’ ‘பளம்’ ஆனதா, ‘படம்’ ஆனதா? ‘பளம்’ என்றால் அது பேச்சு வழக்கு; பல மாவட்டங்களில் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், வாசிப்பில் குறையே இல்லை. ‘படம்’ என்றால் எழுத்தின் உருவத்தில் குழப்பம். ‘பலம்’ என்று சொல்லிவிட்டு, வாக்கியம் முடிந்ததும் திரும்பிவந்து ‘பழம்’ என்று திருத்தினால் மகிழ்ந்துபோக வேண்டும். தான் வாசிப்பதைத் தானே கேட்கத் தொடங்கிவிட்ட பிள்ளை அது.

நிலை பிரிப்பதால் நன்மை உண்டா என்ற கேள்விக்குச் சான்றுள்ள பதில் இருக்கிறது. வடோதராவிலும் மும்பையிலும் தொடங்கிப் பல மாநிலங்களில் பிரதம் அமைப்பு செய்த வேலையை, பின்னாளில் 2019-இல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் சக ஆய்வாளர்களும் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வயதும் வகுப்பும் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு சேர்த்து, அந்த நிலைக்கு உரியதைக் கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். குழு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சொல்லில் நின்ற பிள்ளை சில வாரங்களில் பத்திக்குப் போக வேண்டும். ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அதே மூலையில் உட்கார்ந்திருந்தால், மதிப்பீடு நடக்கவில்லை, வரிசைப்படுத்தல்தான் நடந்திருக்கிறது. பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: போன முறை எங்கே நின்றாள், இப்போது எங்கே நிற்கிறாள்?

பல மாதம் நல்ல கவனிப்பு கொடுத்தும் எழுத்து ஒட்டவே இல்லை என்றால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கரும்பலகை தெரியாமலே ஒன்றிரண்டு வகுப்பைக் கடந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. அதன் பிறகும் தொடர்ந்தால் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்றவர்கள் இதற்காகவே வேலை செய்கிறார்கள். ‘மக்கு’ என்று திட்டி முடித்துவைக்கும் பழக்கத்தை நம் வீடுகளும் பள்ளிகளும் விட்டால், இந்தப் பிள்ளைகளில் பலரைச் சின்ன வயதிலேயே கைதூக்கிவிடலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிள்ளை சத்தமாக வாசிக்கும்போது ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவாக இருந்தாலும் சரி, “அப்புறம் என்னடி ஆச்சு?” என்று கேட்க அவருக்குத் தெரியும், அதுவே பாதி வேலை. தவறாக வாசித்த உடனே பாய்ந்து திருத்தக் கூடாது. வாக்கியம் முடியும்வரை பொறுத்தால் பல பிழைகளைப் பிள்ளையே சரிசெய்யும். பாடநூல் தவிர வேறொன்று வேண்டும். பேருந்தின் பெயர்ப்பலகை, மளிகைச் சீட்டு, சிறுவர் கதைப் புத்தகம், எதுவானாலும் சரி.

பள்ளியிடம் நான் கேட்பது, நிலையின் பெயருக்குக் கீழே ஒரு வரி. ‘கொம்பும் காலும் சேரும் எழுத்துகளில் நிற்கிறான். பொருள் பிசகினால் தானே திரும்பி வருகிறான். ஞகர வரிசை இன்னும் பழக வேண்டும்.’ இப்படி ஒரு வரி இருந்தால் அடுத்த ஆண்டு வரும் புதிய ஆசிரியர் முதல் நாளே வேலையைத் தொடங்கலாம். தாயும் கையில் ஏதோ ஒன்றோடு வீட்டுக்குப் போவார். ஒரு பிள்ளைக்கு இதை எழுத ஐந்து நிமிடம் கேட்டு, இரண்டு நிமிடம் எழுத வேண்டும். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளிகள் நம் ஊர்களில் நிறைய. அவர்களுக்கு அந்த ஏழு நிமிடம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. ஒவ்வொரு பருவத்திலும் செயலிக்குள் விவரங்களை ஏற்றுவதற்குச் செலவாகும் மணிநேரங்களில் ஒரு பகுதியை அவர்களுக்குத் திருப்பித் தரலாம். கல்வித்துறை மனது வைத்தால் அடுத்த பருவத்திலேயே முடியும்.